பர்மிங்ஹாம் பேஸ்பால்: எல்லாரும் கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

இந்த ஊருக்கு வர்ற நம்மாளுங்க யாரா இருந்தாலும் முதல் வாரம் இரும்பு உலை மியூசியம் பாப்பாங்க, ரெண்டாவது வாரம் சிவில் ரைட்ஸ் மியூசியம் பாப்பாங்க, மூணாவது வாரம் "வேற என்னங்க இருக்கு"ன்னு என்கிட்ட கேப்பாங்க. நான் பேஸ்பால்னு சொன்னவுடனே முகம் ஒரு மாதிரி ஆயிடும். அப்புறம் கேள்வி மேல கேள்வி வரும். தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

எந்த பர்மிங்ஹாம்? எட்ஜ்பாஸ்டன் கிரவுண்ட் இருக்கே, அதா?

அது இங்கிலாந்து. இது அமெரிக்காவுல தெற்குப் பக்கம் அலபாமா மாநிலம். 1871ல தான் ஊரே உருவாச்சு, நம்ம ஊர்க் கோயில் குளத்தோட வயசுல பாதி கூட இருக்காது. நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் மூணும் பக்கத்துப் பக்கத்துல கிடைச்ச இடம், அதனால இங்கிலாந்துல இருக்கிற இரும்பு ஊரோட பேரையே தூக்கி வெச்சுட்டாங்க. 1885லயே சம்பளம் வாங்கி ஆடுற டீம் வந்துடுச்சு, பேரு கோல் பேரன்ஸ், அதாவது நிலக்கரி ஜமீன்தாருங்க. பின்னாடி நிலக்கரி உதிர்ந்துபோய் வெறும் பேரன்ஸ் ஆயிடுச்சு. தமிழ்ல எழுதினா பேரன் பேத்தி மாதிரி இருக்கு, என்ன பண்றது. ஆனா ஒரு வேடிக்கை, இந்த டீமுக்கு நிஜமாவே வாழ்வு குடுத்தது ஒரு பணக்காரத் தாத்தாவோட பேரன்தான். கீழ வர்றேன்.

மைனர் லீக்னா என்ன? நம்ம ரஞ்சி மாதிரியா?

இல்ல. ரஞ்சில தமிழ்நாடுன்னா தமிழ்நாடு, அதுக்குன்னு தனி மானம் ரோஷம் உண்டு. இங்க மைனர் லீக் டீம்ங்கறது ஒரு பெரிய டீமோட நாத்தங்கால். பையன்களோட ஒப்பந்தம், சம்பளம், யார் எந்த டீம்ல ஆடணும், யாரை மேல அனுப்பணும், எல்லாம் மேல இருக்கிற மேஜர் லீக் டீம் கையில. கிரவுண்டு, டிக்கெட், பாப்கார்ன், வெடி வாணவேடிக்கை இதெல்லாம் உள்ளூர் ஓனர் கையில. நாலு படி இருக்கு, சிங்கிள்-ஏல ரெண்டு படி, அப்புறம் டபுள்-ஏ, அப்புறம் ட்ரிபிள்-ஏ. பேரன்ஸ் இப்போ டபுள்-ஏ, 1986ல இருந்து சிகாகோ வைட் சாக்ஸுக்கு நாத்து வளத்துக் குடுக்கறாங்க. நல்லா ஆடுற பையனைப் பாத்து ரசிச்சு பேரு மனப்பாடம் பண்ணி வெச்சிருப்போம், திங்கக்கிழமை காலைல பாத்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு மேல போயிருப்பான். பழகிக்கணும்.

சம்பளம் கேப்பீங்க. 2023ல யூனியன் போட்ட ஒப்பந்தப்படி டபுள்-ஏல வருஷத்துக்குக் குறைஞ்சது 30,250 டாலர். அதுக்கு முன்னாடி இதுல பாதி கூட இல்ல.

ரிக்வுட்னு சொல்றீங்களே, அது என்ன?

இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். ரிக்வுட் ஃபீல்டு, அமெரிக்காவுல இன்னும் நிக்கிற தொழில்முறை பேஸ்பால் மைதானங்கள்லயே ரொம்பப் பழசு. 1910 ஆகஸ்ட் 18 திறந்தாங்க. ஆலன் ஹார்வி "ரிக்" உட்வர்டுன்னு ஒருத்தர், உட்வர்டு இரும்புக் கம்பெனி குடும்பத்துப் பேரன், டீமை வாங்கிட்டார். வீட்ல இரும்பு உருக்குறதைப் பாருடான்னா இவருக்கு பந்துமேலதான் கண்ணு. பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியால அப்போதான் கான்கிரீட்லயும் ஸ்டீல்லயும் புது மைதானங்க கட்டியிருந்தாங்க, அதே மாதிரி தனக்கும் வேணும்னு கட்டினார். ஃபிலடெல்ஃபியா மேனேஜர் (நம்ம கோச் மாதிரி) கானி மேக்கே வந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம்னு யோசனை சொல்லிட்டுப் போனார். பேரு என்ன வெக்கலாம்னு ரொம்பவும் மெனக்கெடல, "ரிக்" கூட "உட்"டை ஒட்டி ரிக்வுட்.

திறந்த அன்னிக்கு ஊரே கடையைச் சாத்திட்டு வந்துச்சுன்னு சொல்வாங்க, பத்தாயிரம் பேருக்கு மேல கூட்டம். ஓனர் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு மேட்ச்சோட முதல் பந்தை அவரே போட்டார், சும்மா சாங்கியத்துக்கு இல்ல, கணக்குல சேர்ற நிஜப் பந்து. "பால்"னு, அதாவது நம்ம வைடு மாதிரின்னு, அம்பயர் சொல்லிட்டாராம். மாண்ட்கோமரியை 3-2ன்னு ஜெயிச்சாங்க.

நான் முதல் தடவை போனது 2024 ரிப்பேருக்கு முன்னாடி, ஒரு வார நாள் காலைல. வாசல் கதவு திறந்து கிடந்துச்சு, உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. பச்சைப் பெயின்ட் அடிச்ச தூணுங்க, மரப் பலகைல நடந்தா டொக் டொக்னு சத்தம் கூரைல போய் முட்டித் திரும்பி வருது. லைட் கம்பங்களைப் பாத்தா கூரைக்கு மேல ஏறி மைதானத்துப் பக்கமா எட்டிப் பாக்கற மாதிரி சாஞ்சு நிக்கும், 1936ல போட்டது. அவுட்ஃபீல்டு வேலிக்குப் பின்னாடி போனா இன்னொரு சுவர், பழைய கான்கிரீட் சுவர், அதுல ஒரு பெருக்கல் குறி. 1948ல வால்ட் டிரோப்போன்னு ஒருத்தன் அடிச்ச ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அங்க போய் இடிச்ச இடமாம். ஹோம் பிளேட் எங்க இருக்குன்னு திரும்பிப் பாத்தேன். ஆட்டோ பிடிக்கலாம்போல அவ்வளவு தூரம்.

பேப் ரூத் இங்க அடிச்ச பந்து வெளியே ஓடிட்டிருந்த கூட்ஸ் ரயில்ல போய் விழுந்து வேற ஊருக்கே போயிடுச்சு, உலகத்துலயே நீளமான ஹோம் ரன் அதான்னு ஒரு கதை உண்டு. ரயிலைத் துரத்திப் போய் யாரும் டேப் வெச்சு அளக்கல. கதை நல்லா இருக்கு, விட்டுடுங்க.

பிளாக் பேரன்ஸ், பேரன்ஸ் ரெண்டும் ஒண்ணா?

இல்ல இல்ல. ஒரே ஊர், ஒரே மைதானம், ரெண்டு டீம். பேரன்ஸ் வெள்ளைக்காரங்க டீம். பிளாக் பேரன்ஸ் கறுப்பினத்தவங்க டீம், 1920ல தொடங்குனது. பேரன்ஸ் வெளியூர் போற நாள்ல ரிக்வுட்டை வாடகைக்கு எடுத்து இவங்க ஆடுவாங்க. ரிக் உட்வர்டுக்கும் அந்த வாடகை இனிச்சுது, ஏன்னா ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நல்ல துணி உடுத்திக்கிட்டு அப்படியே மைதானத்துக்கு வர்ற கூட்டம் பெருங்கூட்டம்.

ஆளுங்க எங்க இருந்து வந்தாங்கன்னா இரும்பு ஆலை, பைப் ஆலை, சுரங்கம் இங்கல்லாம் கம்பெனி டீம் இருந்துச்சு. வாரம் பூரா உலைக்கு முன்னாடி வேலை, சனி ஞாயிறு கம்பெனி பேரைப் போட்டுக்கிட்டு ஆட்டம். நம்ம ஊர்ல ரயில்வே டீம், பின்னி மில் டீம்னு இருந்துச்சே அதே கதைதான். அந்த ஆலைங்கதான் பிளாக் பேரன்ஸுக்கு நாத்தங்கால்.

சாச்செல் பேஜ் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, கேள்விப்படலைன்னாலும் பரவால்ல, பந்து போட்டவங்கள்ல அவரை மாதிரி ஒருத்தர் இல்லன்னு சொல்றவங்க நிறைய. மொபைல்ங்கற ஊர்க்காரர், இதே அலபாமா. 1927ல இருந்து 1930 வரைக்கும் பிளாக் பேரன்ஸுக்கு ஆடினார். 1943, 1944, 1948 மூணு வருஷமும் கறுப்பினத்தவங்களுக்குன்னு இருந்த நீக்ரோ அமெரிக்கன் லீக்ல பிளாக் பேரன்ஸ்தான் சாம்பியன், மூணு தடவையும் ஃபைனல்ல ஹோம்ஸ்டெட் கிரேஸ்ங்கற டீம்கிட்ட தோத்தாங்க. ஒரே டீம்கிட்ட மூணு தடவை. வயித்தெரிச்சல்.

மேஜர் லீக் டீம் இந்த ஊருக்கு வந்ததே இல்லையா?

இதுக்கு இந்த ஊர்க்காரங்களே "இல்ல"ன்னுதான் சொல்வாங்க. நான் "இருந்துச்சே"ன்னு சொல்வேன். 2020 டிசம்பர்ல மேஜர் லீக் நிர்வாகம், 1920ல இருந்து 1948 வரைக்கும் நடந்த ஏழு நீக்ரோ லீகுகளும் மேஜர் லீக்தான்னு ஒத்துக்கிச்சு. 2024ல அந்த ஸ்கோரையெல்லாம் அதிகாரபூர்வக் கணக்குல சேத்தாங்க. அந்த ஏழுல ரெண்டு லீக்ல பிளாக் பேரன்ஸ் பல வருஷம் ஆடியிருக்காங்க. அப்போ கணக்குப் போட்டுப் பாருங்க, முன்வரிசைல நிழல்ல உக்காந்து கைதட்டு வாங்கின டீம் மைனர் லீக், அவங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்து வாடகை குடுத்து ஆடின டீம் மேஜர் லீக். நூறு வருஷம் கழிச்சுக் காகிதத்துல எழுதிட்டாங்க, அந்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அப்பவே தெரியும்.

எல்லாரும் சேந்து உக்காந்து பாக்க முடியுமா அப்போ?

முடியாது. பேரன்ஸ் ஆடும்போது கறுப்பினத்தவங்க வலது அவுட்ஃபீல்டு பக்கம் கூரையில்லாத பெஞ்சுல, வெயில்ல. பிளாக் பேரன்ஸ் ஆடும்போது தலைகீழ், அவங்க கூரைக்குக் கீழ பெரிய ஸ்டாண்டுல, பாக்க வர்ற வெள்ளைக்காரங்களுக்குத் தனியா ஒதுக்கின இடம். அலபாமா ஆகஸ்ட் வெயில்னா நம்ம வேலூர் வெயிலோட சென்னைப் புழுக்கத்தைச் சேத்துக்குங்க. நான் ஒரு தடவை அந்த வலது பக்கம் போய் உக்காந்து பாத்தேன், கால் மணி நேரம் கூட தாங்கல, எந்திரிச்சு நிழலுக்கு ஓடிட்டேன். எனக்கு ஓட இடம் இருந்துச்சு.

வில்லி மேஸ் இந்த ஊரா?

ஊருக்கு வெளியே வெஸ்ட்ஃபீல்டுன்னு ஸ்டீல் கம்பெனிக் குடியிருப்பு, 1931 மே 6 அங்க பொறந்தார். அப்பாவும் கம்பெனி டீம் ஆட்டக்காரர், பூனை மாதிரி பாய்வாருன்னு "கேட்" மேஸ்னு பேரு. பையன் 1948ல பள்ளிக்கூடம் படிச்சுக்கிட்டே பிளாக் பேரன்ஸுக்கு ஆட வந்துட்டான், வயசு 17. படிப்பை விடக்கூடாதுன்னு வீட்ல கறார், அதனால ஸ்கூல் நடக்கும்போது வாரக் கடைசி உள்ளூர் மேட்ச் மட்டும், லீவு விட்டப்புறம்தான் டீம் பஸ்ல வெளியூர்.

அவரை வளத்து ஆளாக்குனது பைப்பர் டேவிஸ்ங்கற பிளேயர்-மேனேஜர். பைப்பர் அவரோட நிஜப் பேரு இல்ல, பைப்பர்ங்கற நிலக்கரி ஊர்ல பொறந்ததால அந்தப் பேரு, நம்ம ஊர்ல சிவகங்கைக்காரரேன்னு கூப்பிடற மாதிரி. மேஸே பின்னாடி பல தடவை சொன்ன ஒரு கதை இருக்கு. ஒரு பெரிய பிட்சரை மேஸ் ஹோம் ரன் அடிச்சுட்டான், அடுத்த தடவை அந்தாளு பந்தை மேலயே போட்டு மண்ணுல சாய்ச்சுட்டார். பையன் விழுந்து கிடக்கான், கண்ணுல தண்ணி. டேவிஸ் நடந்து வந்து தூக்கி விடல, பக்கத்துல நின்னு குனிஞ்சு, முதல் பேஸ் கண்ணுக்குத் தெரியுதான்னு கேட்டாராம். தெரியுதுன்னான். அப்போ எந்திரிச்சு அங்க போ, போய் ரெண்டாவது பேஸைத் திருடு, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடின்னுட்டுத் திரும்பிப் போயிட்டாராம். பையன் போனான், திருடினான்.

கிரேஸ்கிட்ட தோத்த அந்த 1948 ஃபைனல்தான் நீக்ரோ வேர்ல்டு சீரிஸ்லயே கடைசி. பிளாக் பேரன்ஸ் ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச், அதுல கடைசி இன்னிங்ஸ்ல ஜெயிக்கிற ரன்னை அடிச்சுக் கொண்டுவந்தது மேஸ், ஜெயிச்ச பிட்சர் பில் கிரீசன். கிரீசன் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க.

2024 கணக்குப்படி மேஸோட ஹிட்ஸ் 3,283ல இருந்து 3,293 ஆச்சு. அந்தக் கூடுதல் பத்தும் 1948ல அடிச்சது.

அவ்வளவு நல்ல பையனை ஏன் பக்கத்துலயே இருந்த பேரன்ஸ் எடுக்கல?

நல்ல கேள்வி, பதில்தான் அசிங்கம். அப்போ பேரன்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸோட ஃபார்ம் டீம், அதாவது நாத்தங்கால். ஒரே மைதானம், அவங்க ஆளுங்க மேஸைக் கண்ணால பாத்தாங்க, எடுங்கன்னு மேல சொல்லியும் அனுப்புனாங்க. பாஸ்டன் வேண்டாம்னுட்டாங்க. வேற ஒரு பிளேயரைப் பாக்கத்தான் நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆளுங்க வந்தாங்க, வந்த இடத்துல சென்டர் ஃபீல்டுல நிக்கிற பையன் மேல கண்ணு போச்சு, 1950ல ஸ்கூல் முடிச்ச கையோட கையெழுத்து வாங்கிட்டாங்க. பாஸ்டன் 1950ல எடுத்தது பைப்பர் டேவிஸை. அவங்க எடுத்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான், ஃபார்ம் டீம்ல டீமுக்கே அதிக சராசரி வெச்சிருந்தார், மே மாசமே செலவுக் கணக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மேஜர் லீக் டீம்கள்ல கடைசியா கறுப்பினத்தவரை இறக்குனதும் பாஸ்டன்தான், 1959ல. பாஸ்டனோட பெரிய நட்சத்திரம், வயசான டெட் வில்லியம்ஸும் இளவயசு மேஸும் ஒரே அவுட்ஃபீல்டுல நின்னிருக்கலாம். ரசிகர்கள் பாவம்.

1931 மேட்ச்னு பெரிசுங்க பேசறாங்களே, அது என்ன?

டிக்ஸி சீரிஸ். தெற்கு லீக் சாம்பியனும் டெக்ஸாஸ் லீக் சாம்பியனும் மோதுறது. ஹூஸ்டன் டீம்ல டிஸ்ஸி டீன்னு 21 வயசுப் பையன், வாய்ன்னா வாய், நான்தான் ஜெயிப்பேன்னு சொல்லிட்டே வந்தான். பேரன்ஸ் பக்கம் அவனுக்கு எதிரா பந்து போட்டது ரே கால்டுவெல், வயசு 43. இருபதாயிரம் பேருக்கு மேல கூட்டம், ரிக்வுட்ல அப்படி ஒரு கூட்டம் அதுக்கப்புறம் கூடல. 1-0ன்னு கிழவர் ஜெயிச்சார், சீரிஸையும் பேரன்ஸ் 4-3ன்னு எடுத்தாங்க. இந்தக் கால்டுவெல் லேசுப்பட்டவர் இல்ல, 1919ல கிளீவ்லேண்டுக்குப் பந்து போட்டுக்கிட்டிருக்கும்போது இடி விழுந்து கீழ சாஞ்சு, எந்திரிச்சு, அந்த மேட்ச்சை முடிச்சுக் குடுத்த மனுஷன். அவருக்கு டீனோட வாய் எம்மாத்திரம்.

பேஸ்பாலைத் தடை பண்ணி சட்டம் இருந்துச்சுன்னு சொன்னாங்க, நிஜமா?

பேஸ்பாலை இல்ல, சேந்து ஆடறதை. 1950ல நகராட்சி ஒரு சட்டம் போட்டுச்சு. கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரரும் சேந்தோ எதிரெதிராவோ எந்த விளையாட்டும் ஆடக்கூடாது, சீட்டு, தாயக்கட்டை, டாமினோ, செக்கர்ஸ், பேஸ்பால், ஃபுட்பால், பேஸ்கட்பால், எல்லாம் வரிசையா எழுதி வெச்சாங்க. செக்கர்ஸ் சட்டம்னே பேரு. திண்ணைல உக்காந்து ரெண்டு பேர் காய் நகத்தினாக்கூட குத்தம்.

1947லயே கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்ல ஆடிட்டார், அதுக்கு மூணு வருஷம் கழிச்சு இங்க இப்படி. 1954 தொடக்கத்துல நகர கமிஷன் கொஞ்சம் இறங்கி வந்து பேஸ்பாலுக்கும் ஃபுட்பாலுக்கும் விலக்கு குடுத்துச்சு. அதே வருஷம் ஜூன்ல ஓட்டெடுப்பு வெச்சாங்க, ஊர் பெரும்பான்மையா ஓட்டுப் போட்டுப் பழைய தடையைத் திரும்பக் கொண்டுவந்துச்சு. அதிகாரிங்க மேல மட்டும் பழியைப் போட்டுட்டுப் போக முடியாத இடம் இது.

விளைவு என்னன்னா, மேஜர் லீக் டீம்கள்ல கறுப்பின ஆட்டக்காரங்க கூடிக்கிட்டே போறாங்க, அவங்களை அனுப்ப முடியாத ஊர்ல ஃபார்ம் டீம் வெச்சு என்ன பிரயோஜனம்? பேரன்ஸ் ஆடின சதர்ன் அசோசியேஷன் லீக்ல மொத்தமாவே ஆடின கறுப்பினத்தவர் ஒருத்தர்தான், 1954ல அட்லாண்டாவுக்கு நாட் பீப்பிள்ஸ், அதுவும் ரெண்டே மேட்ச். ஒரு பக்கம் டிவி வந்து கூட்டம் கொறையுது, இன்னொரு பக்கம் கறுப்பின ரசிகர்கள் புறக்கணிக்கிறாங்க. 1961ஓட லீக்கே இழுத்து மூடிட்டாங்க. 1962, 1963 ரெண்டு வருஷம் ரிக்வுட்ல பேரன்ஸ் இல்ல. அதே சமயம் பூங்காக்கள்ல பிரிச்சு வெக்கக்கூடாதுன்னு கோர்ட் சொன்னதும் நகராட்சி என்ன பண்ணுச்சு தெரியுமா, எல்லாருக்கும் திறக்கறதுக்குப் பதிலா பூங்காக்களையே பூட்டிடுச்சு. குழந்தைங்க ஊஞ்சலுக்கும் பூட்டு.

புல் கானர்ங்கறவருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

1963ல போராட்டம் பண்ண பள்ளிக்கூடப் பசங்க மேல தீயணைப்புத் தண்ணியும் போலீஸ் நாயும் ஏவி விட்ட கமிஷனர். அவர் ஊருக்குள்ள பிரபலம் ஆனதே பேஸ்பால் ரேடியோ வர்ணனையாலதான். பேரன்ஸ் வெளியூர்ல ஆடும்போது தந்தில ஸ்கோர் வரும், அதைப் பாத்து ஸ்டுடியோல உக்காந்துக்கிட்டு நேர்ல பாக்கற மாதிரியே கூவுவார். குரல் கேட்டுப் பழகின ஜனம் ஓட்டுப் போட்டுச்சு, 1934ல சட்டசபை, 1937ல கமிஷனர். செக்கர்ஸ் சட்டம் வந்த 1950லயும் நாற்காலில அவர்தான். குரல் வளத்தால பதவிக்கு வர்றது நமக்கொண்ணும் புதுசு இல்ல.

அப்புறம் எப்படி மாறிச்சு?

1963 ஜூலைல புது நகரசபை பிரிவினைச் சட்டங்களை நீக்கிச்சு. செப்டம்பர் 15, பதினாறாவது தெரு சர்ச்சுல குண்டு வெச்சு நாலு சின்னப் பொண்ணுங்களைக் கொன்னாங்க. அதுக்கப்புறம் வந்த முதல் பேஸ்பால் சீசன் 1964. கன்சாஸ் சிட்டி ஏ'ஸ் டீமோட ஓனர் சார்லி ஃபின்லி, பர்மிங்ஹாம் பக்கத்து என்ஸ்லில பொறந்தவர், சின்ன வயசுல பேரன்ஸுக்கு பேட் எடுத்துக் குடுத்த பையன். அவர் தன்னோட டபுள்-ஏ டீமை இங்க குடுத்தார். முதல் தடவையா ரெண்டு இனத்து ஆளுங்களும் ஒரே பேரன்ஸ் சட்டை போட்டு ரிக்வுட்ல இறங்கினாங்க, மேனேஜர் ஹேவுட் சல்லிவன். மிரட்டல் வந்துச்சு, ஆனாலும் கூட்டம் வந்துச்சு, கலந்து உக்காந்துச்சு. சாம்பியன்ஷிப் ஒரே ஒரு மேட்ச்ல கை நழுவிப் போச்சு. அந்த டீம்ல ஆடிக்கிட்டிருந்த கியூபாக்காரர் பெர்ட் கம்பனாரிஸை ஜூலைல மேல கூப்பிட்டாங்க, மேஜர் லீக்ல அவர் சந்திச்ச முதல் பந்தே ஹோம் ரன், அதே மேட்ச்ல இன்னொண்ணு.

1967ல டீம் பேரு பர்மிங்ஹாம் ஏ'ஸ். ரெஜி ஜாக்சன், ரோலி ஃபிங்கர்ஸ், ஜோ ரூடி எல்லாரும் இங்கதான், சாம்பியனும் ஆனாங்க. பின்னாடி ஏ'ஸ் ஓக்லாண்டுக்கு மாறி 1972, 73, 74 தொடர்ந்து மூணு வேர்ல்டு சீரிஸ், அதாவது மேஜர் லீக் ஃபைனல், ஜெயிச்ச டீமோட முதுகெலும்பு ரிக்வுட்ல முளைச்சதுதான்.

பிளாக் பேரன்ஸுக்கு என்ன ஆச்சு?

மேஜர் லீக் கதவு திறந்ததும் நல்ல ஆட்டக்காரங்க எல்லாம் அங்க போயிட்டாங்க, கூட்டமும் கூடவே போச்சு, 60கள்ல டீம் கலைஞ்சுது. நியாயம் கிடைச்சதால ஒரு டீம் அழிஞ்சுது, இதை எப்படிப் பாக்கறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. கடைசிக் காலத்துல நடந்த ஒரு கூத்து மட்டும் சொல்றேன். பின்னாடி கன்ட்ரி மியூசிக்ல கொடிகட்டிப் பறந்த சார்லி பிரைடு 50கள்ல பிட்சர். அவரையும் இன்னொரு ஆளையும் லூயிவில் டீம் பிளாக் பேரன்ஸுக்குக் குடுத்து, பதிலுக்கு வாங்கினது ஒரு பஸ்ஸு. பழைய பஸ்ஸு. வாழ்நாள் பூரா அதைச் சொல்லிச் சிரிச்சார்.

மைக்கேல் ஜோர்டான் ஆடினாராமே?

எல்லாரும் கடைசில இங்கதான் வருவீங்கன்னு தெரியும். ஆமா, 1994. முந்தின வருஷம் அப்பாவைக் கொலை பண்ணிட்டாங்க, அப்பாவுக்கு மகன் பேஸ்பால் ஆடணும்னு ஆசை, மூணு சாம்பியன்ஷிப் கையோட பேஸ்கட்பாலை விட்டுட்டு மட்டையைத் தூக்கிட்டார். வைட் சாக்ஸ் ஓனரும் அவரோட பேஸ்கட்பால் டீம் புல்ஸ் ஓனரும் ஒரே ஆள், அதனால நேரா டபுள்-ஏ. சட்டை நம்பர் 45. சராசரி .202 (பத்துக்கு ரெண்டு தடவைதான் ஹிட்), ஹோம் ரன் 3, 51 ரன் கொண்டுவந்தார், 30 பேஸ் திருடினார், 114 தடவை ஸ்ட்ரைக் அவுட். சிரிக்காதீங்க. ஸ்கூல் முடிச்சதுல இருந்து மட்டையே தொடாத 31 வயசு ஆள் நேரா டபுள்-ஏ பந்தை ஆடறதே பெரிய விஷயம்னு ஆட்டம் தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றாங்க. ஆரம்பத்துல 13 மேட்ச் தொடர்ந்து ஹிட், அப்புறம் வளையிற பந்து போட ஆரம்பிச்சாங்க, கதை கந்தல். மேனேஜர் டெரி ஃபிரான்கோனா, அதே ஃபிரான்கோனாதான் 2004ல சாம்பியன் ஆக்கி பாஸ்டனோட 86 வருஷச் சாபத்தைத் தீத்தது.

ஆனா ஒண்ணு, ஜோர்டான் ரிக்வுட்ல ஆடினார்னு யாராவது போட்டோ காட்டினா அது விளம்பர ஷூட்டிங்கா இருக்கும். பேரன்ஸ் 1987ல சாம்பியன் ஆன கையோட ரிக்வுட்டைக் காலி பண்ணிட்டு 1988ல ஹூவர்ங்கற புறநகருக்குப் போயாச்சு. ஜோர்டான் ஆடினது அங்க. அந்த சீசன் உள்ளூர் மேட்சுக்கு மட்டும் 467,867 பேர் வந்தாங்க. ஊர்ல அப்போ இருந்த யாரைக் கேட்டாலும் அத்தனை மேட்சும் தான் பாத்ததா சொல்வாங்க.

இப்போ எங்க ஆடறாங்க?

2013ல இருந்து ரீஜன்ஸ் ஃபீல்டு, டவுன்டவுன்லயே, ரயில்ரோடு பார்க்குக்கு எதிர்ல. வந்த முதல் வருஷமே சாம்பியன். பக்கத்துலயே நீக்ரோ சதர்ன் லீக் மியூசியம், மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போனா பாத்துட்டு வந்துடலாம், பாக்காம விடாதீங்க.

2024ல ரிக்வுட்ல ஏதோ பெரிய மேட்ச் நடந்துச்சே?

ஜூன் 20, சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும், நீக்ரோ லீகுகளுக்கு மரியாதையா மேஜர் லீக் மேட்ச். ஜயண்ட்ஸ் ஏன்னா வில்லி மேஸ், அவரை எடுத்த நியூயார்க் டீம்தான் பின்னாடி சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறினது. 93 வயசு, பயணம் பண்ண முடியாது, வர முடியலைன்னு சொல்லியிருந்தார். ரெண்டு நாள் முன்னாடி, 18ஆம் தேதி சாயங்காலம் அதே ரிக்வுட்ல பேரன்ஸ் மேட்ச் நடந்துக்கிட்டிருக்கு, நடுவுல மைக்ல அறிவிச்சாங்க, மேஸ் காலமாயிட்டார்னு. ஸ்டாண்டுல எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, கைதட்ட ஆரம்பிச்சாங்க, நிறுத்தவே இல்ல.

20ஆம் தேதி மேட்ச்சுக்கு முன்னாடி டிவி ஆளுங்க ரெஜி ஜாக்சன்கிட்ட, திரும்ப இங்க வந்தது எப்படி இருக்குன்னு சம்பிரதாயமா கேட்டாங்க. அவர் சம்பிரதாயமா சொல்லல. 1967ல ஹோட்டல்ல ரூம் குடுக்காதது, சாப்பாட்டுக் கடைல உள்ள விடாதது, ஜோ ரூடி வீட்டு சோபாவுல வாரக்கணக்குல தூங்கினது, அந்த வீட்டையும் கொளுத்துவோம்னு மிரட்டினது எல்லாத்தையும் நேரலைல கொட்டிட்டார். கூட உக்காந்திருந்தவங்க வாயடைச்சுப் போயிட்டாங்க. விழாவைக் கெடுத்துட்டார்னு சில பேர் சொன்னாங்க. விழாவே எதுக்குன்னு அவர் ஒருத்தர்தான் சொன்னாருன்னு நான் நினைக்கிறேன்.

முதல் பந்து போட வந்தது யாரு? பில் கிரீசன். 99 வயசு. 1948ல அந்த ஒரே மேட்ச்சை ஜெயிச்சுக் குடுத்த அதே பிட்சர், அதுக்கு முன்னாடி ரெண்டாம் உலகப் போர்ல இவோ ஜிமா சண்டைல இருந்தவர், அப்புறம் பல வருஷம் இந்த ஊர் சர்ச் பாஸ்டர். மேட்ச் கார்டினல்ஸ் 6-5.

கிரிக்கெட் மட்டும் தெரிஞ்ச ஆளு போனா புரியுமா? சாப்பாடு?

அரை மணி நேரத்துல புரிஞ்சுடும். ஃபுல் டாஸ் மாதிரி தெரியற எல்லாத்தையும் "அடிடா"ன்னு கத்தாதீங்க, அது 150 கிலோமீட்டர் வேகத்துல கடைசி நொடில விலகும். செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஒரே எதிர் டீம் கூட ஆறு மேட்ச், திங்கள் லீவு, ஏப்ரல்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல முடியும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவுல எல்லாரும் எந்திரிச்சுப் பாடுவாங்க, வாயை அசைச்சாப் போதும்.

சைவம்னா வறுத்த வேர்க்கடலை, நாச்சோஸ், பிரெட்செல், அவ்வளவுதான். எங்க அத்தை ஊர்ல இருந்து வந்தப்போ தயிர் சாதம் கட்டிக்கிட்டு வந்துட்டாங்க, கேட்ல பையைத் திறக்கச் சொன்னப்போ எனக்கு உசுரே இல்ல. வெளியே பார்க்ல உக்காந்து சாப்பிட்டுட்டு மூணாவது இன்னிங்ஸுக்கு உள்ள போனோம். அத்தைக்கு ஆட்டம் புரியல, ஆனா ஃபவுல் பந்து ஒண்ணு எங்க வரிசைக்கு உருண்டு வந்துச்சு, முன்னாடி உக்காந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தா எடுத்து அத்தைகிட்டயே குடுத்துட்டார். அது இப்போ மாயவரத்துல டிவி பக்கத்துல இருக்கு, வர்றவங்க எல்லாரும் கிரிக்கெட் பந்து ஏன் வெள்ளையா இருக்குன்னு கேக்கறாங்களாம்.